புளி போட்டுத் தேய்த்த சங்கிலி

தம்பிகளா, போன வாரம் தேனியில் உங்கள் பஞ்சாலைப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவனுக்கு அடுத்தவர் வேலையை வேடிக்கை பார்ப்பதுதானே வேலை. உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. கப்பி, சங்கிலி, கொக்கி எல்லாமே பளபளவென்று தொங்கின. “பாத்தீகளா பெரியவரே, மொகம் பாக்கலாம்” என்று உங்களில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். முகம் பார்க்கக் கண்ணாடி போதாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தவர்களை அங்கேயே வைத்துத் திட்டுவது நன்றாக இருக்காது. வீட்டுக்கு வந்து ஆற அமர எழுதித் திட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

திட்டுவதற்கு உட்கார்ந்தால் திட்டு வரவில்லை. ஒரு மனிதரின் நினைப்பு வந்துவிட்டது. அவர் பெயரை எழுத மாட்டேன். எங்காவது உயிரோடு இருந்து யாராவது இதைப் படித்துக் காட்டினால், “ஏலே, இதுக்கா உக்காந்து எழுதுன, வேலையப் பாருலே” என்பார். நாங்கள் அவரைச் சங்கிலி மேஸ்திரி என்போம். இங்கே மேஸ்திரி என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கூடலூர் வழியாக மலைக்கு ஏறாத சாமான் இல்லை. எங்கள் கூட்டத்துக்கும் அணைக்கும் சம்பந்தமில்லை. குமுளிக்கு அந்தப் பக்கம் தேயிலை போடத் தொடங்கியிருந்த தோட்டம் ஒன்றுக்குக் கனத்த சாமான்களை மலையேற்றிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் கூட்டத்தின் கொல்லன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் ஊர் ஒன்றில் பிறந்தவன். பெயர் சவரி. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா கழன்றாலும் கொக்கி வளைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கழலாமலும் வளையாமலும் இருந்தால் ‘சவரி சும்மாதான் சோறு தின்கிறான்’ என்பார்கள்.

மேஸ்திரி எனக்கு நாலைந்து வயதுதான் மூத்தவர். தூத்துக்குடித் துறையில் கப்பல் சாமான் இறக்கிப் பழகியவர். எவ்வளவு பெரிய பாரமாக இருந்தாலும் ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு, எங்கே கட்டினால் அடங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் கை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆட்டுக் கொழுப்பையும் சுண்ணாம்பையும் சட்டியில் போட்டுக் காய்ச்சி, அதில் தோணிக்குப் பூசுகிற கீலையும் கொஞ்சம் கலந்து, சூடு ஆறுவதற்குள் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் மடக்கி மடக்கி ஊற்றுவார். வெளியே பூசுவது அவருக்குக் கணக்கில்லை. வளையமும் வளையமும் கவ்வுகிற உள்வாய்க்குள் இறங்க வேண்டும். அந்த நாற்றம் எங்கள் சோற்றில் இருக்கும், துணியில் இருக்கும். அவர் கையிலிருந்து வாங்கித் தின்ற வடையில்கூடக் கீல் வாசம் அடித்திருக்கிறது.

ஒருமுறை நான் கேட்டேன், கப்பல் சங்கிலி கடல் தண்ணீரிலேயே கிடக்கிறதே, எப்படித் தாங்குகிறது என்று.

“எங்கன அத்துப்போகும் தெரியுமால?” என்றார். “அடியில சேத்துக்குள்ள கெடக்கிறது அப்படியே கெடக்கும். கப்பல் மேல சுருட்டிக் கெடக்கிறதும் தாங்கும். நடுவுல, நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு தொங்குதுல்லா, அந்த எடத்தத்தான் துரு திங்கும். அதுக்குத் தண்ணியும் வேணும், காத்தும் வேணும். ரெண்டுல ஒண்ண உள்ள விடாம அடைச்சிட்டா அது பட்டினி கெடந்து சாகும். நான் பூசுற அழுக்கு அதுக்குத்தான்.”

நான் பின்னாளில் படித்தவர்கள் பலரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர்களும் விளக்கமாக, சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு மனதில் ஒட்டியது இந்தப் பேச்சுதான்.

இனி சுருளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்திலேயே பலசாலி அவன். வண்டி மலையேறும்போது பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து, வண்டி நின்ற கணத்தில் முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் சொருகுகிறவன். கட்டை ஒரு விரற்கடை பிந்தினால் வண்டி அவன் மேல்தான் வரும். அந்த வேலைக்குத் தைரியம் மட்டும் போதாது, கூட வருகிற இரும்பின் மேலும் கயிற்றின் மேலும் நம்பிக்கை வேண்டும். சுருளிக்கு அந்த நம்பிக்கை பக்தியாகவே இருந்தது. வண்டியை முன்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் பெரிய சங்கிலியை அவன் காலால் தாண்ட மாட்டான். சுற்றிக்கொண்டுதான் போவான்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மேஸ்திரி ஊரில் இல்லை. தகப்பனாருக்கு முடியவில்லை என்று தூத்துக்குடிக்குப் போயிருந்தார். பூசையைச் சுருளி எடுத்துச் செய்தான். சாமிக்கு முன்னால் வைக்கிற பொருள் கொழுப்பும் கீலுமாக இருக்கலாமா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்து புளியைப் பானையோடு தூக்கி வந்துவிட்டான். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பது போல, புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பெரிய சங்கிலியை வளையம் வளையமாகத் தேய்த்தான். அவன் பெண்சாதி சின்னத்தாயி பின்னாலேயே வந்து நின்று சத்தம் போட்டாள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், அதற்குள் எங்கள் எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

“கொழம்புக்கு வச்ச புளிய இரும்புக்குப் போட்டுட்டீகள்ல, ராத்திரிக்கு இரும்பையே அவிச்சுத் தாரேன், தின்னுங்க.”

சுருளி சிரித்துக்கொண்டே தேய்த்தான். சும்மா சொல்லக் கூடாது, சங்கிலி வெள்ளி போல ஆகிவிட்டது. சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினான். எங்கள் வீட்டில் ஆயுத பூசை கிடையாது. ஆனால் பொரிகடலைக்கு மதம் ஏது? நானும் மடி நிறைய வாங்கிக்கொண்டேன்.

கொட்டகையில் இன்னொரு சங்கிலியும் கிடந்தது. மெலிந்தது, பழையது, கறுத்துப்போனது. வைக்கோல் தூசியும் மண்ணும் அதன் கொழுப்பில் அப்பி, பார்க்கவே சகிக்காது. அதற்குக் குங்குமம் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மூலையில் அப்படியே கிடந்தது.

பூசை முடிந்ததும் பெரிய சங்கிலிக்கு மறுபடி கொழுப்புப் பூசியிருக்க வேண்டும். யார் பூசுவது? குங்குமம் வைத்து மாலை போட்ட பொருளின் மேல் ஆட்டுக் கொழுப்பைத் தடவ எந்தக் கை வரும்? ‘மேஸ்திரி வந்து பாத்துக்கிடட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். மேஸ்திரிக்குத் தகப்பனார் காரியம் முடிந்து, அங்கேயே ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, வர முடியவில்லை. ஐப்பசி கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. சங்கிலி கொட்டகை மண்தரையில் ஈரத்தில் குவிந்து கிடந்தது. சுருளி வெள்ளிக்கிழமை தவறாமல் அதை ஈரத்துணியால் துடைத்து, புதுக்குங்குமம் வைத்தான். மேலே லேசாகச் செம்மை படர்ந்தால் அதையும் தேய்த்து எடுத்தான். ஆகவே வெளியே அது மங்கவே இல்லை. உள்வாயில் இறங்கிய புளித்தண்ணீர் மட்டும் காயவும் இல்லை, அதைத் தேடிப் பார்க்க ஆளும் இல்லை.

தை பிறந்ததும் தோட்டத்துத் தேயிலை ஆலைக்கான பாய்லர் வந்து சேர்ந்தது. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறக்கி, பெரிய வண்டியில் ஏற்றி, தேனி வழியாக ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வீரபாண்டியில் வண்டிக்காரர்கள் கௌமாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். கம்பத்தில் ஊரே திரண்டு வந்து பாய்லரைத் தட்டிப் பார்த்தது. அத்தனை பெரிய அண்டாவில் யாருக்குச் சோறு பொங்கப் போகிறார்கள் என்று ஒரு கிழவர் என்னிடம் கேட்டார். தோட்டத்துத் துரைக்கு என்றேன். ‘அம்புட்டுமா திம்பாரு’ என்று அவர் வாயைப் பிளந்தார்.

மேஸ்திரியும் அதே சமயம்தான் திரும்பினார். வந்ததும் கொட்டகைக்குள் போய்ச் சங்கிலியைப் பார்த்தார். 

“யாருலே தேச்சது?”

“நாந்தான் மேஸ்திரி” என்றான் சுருளி. பாராட்டை எதிர்பார்த்து நின்ற முகம் அது.

மேஸ்திரி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சுத்தியலை எடுத்து ஒவ்வொரு வளையமாகத் தட்டிக் கேட்டார். விரிசல் விட்ட இரும்பு தட்டினால் செத்த சத்தம் கொடுக்கும். நல்ல இரும்பு மணிபோலக் கேட்கும். எல்லாம் மணிபோலத்தான் கேட்டன. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பிறகு சட்டியில் கொழுப்பைக் காய்ச்சி, இந்த முறை வளையங்களை மடக்காமலே ஊற்றினார். பெரிய சங்கிலியைத்தான் கட்டியாக வேண்டும், மெலிந்த சங்கிலி ஒற்றையாக அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆனாலும் புறப்படும்போது, “அந்தக் கறுப்பையும் பின்வண்டில போட்டுக் கொண்டாங்கலே” என்றார். எதற்கு வீண் பாரம் என்று வண்டிக்காரர் முணுமுணுத்தார். “எனக்குத் தூக்கம் வரணும்லா” என்றார் மேஸ்திரி.

அடிவாரத்திலிருந்து காலையிலேயே ஏறத் தொடங்கினோம். அந்தப் பாதையில் இப்போது நீங்கள் மோட்டாரில் போகிறீர்கள். அன்றைக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். மாடுகளை வரிசையாகப் பூட்டி இழுக்க வேண்டும். வளைவு வந்தால் அந்த நீள வரிசை திரும்பாது. அதனால் வளைவில் வண்டியை நிறுத்தி, மேலேயுள்ள பெரிய பாறையில் சங்கிலியைச் சுற்றி வண்டியின் முன்சட்டத்தில் மாட்டி, சுருளி பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டதும் மாடுகளை அவிழ்த்து வளைவுக்கு அப்பால் ஓட்டிப்போய் மறுபடி பூட்ட வேண்டும். அந்த இடைவேளையில் பாய்லரின் மொத்தப் பாரமும் சங்கிலியில் நிற்கும். வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் இருக்க, ஆட்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பாதி மலையில் ஒரு கெட்ட வளைவு. மாடுகளை அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். மேஸ்திரி பாறைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பாறை நல்ல வெள்ளைப் பாறை. அதன் மேல் செங்கல் பொடி தூவியது போல ஏதோ விழுவதை அவர் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பாறையைப் பார்த்தேன். ஒரு வளையத்தின் உள்வாயிலிருந்து துரு உதிர்ந்துகொண்டிருந்தது. பாரம் ஏற ஏற அங்கே இரும்பு வாய் பிளந்துகொண்டிருந்தது.

கீழே பார்த்தேன். எங்கள் வண்டிக்கு நேர் கீழே, அடுத்த மடிப்புப் பாதையில், பின்வண்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் மாட்டுக்கு வைக்கோல் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். சின்னத்தாயி அவர்களில் முதல் ஆள். பாய்லர் பின்னால் உருண்டால் சுருளி மேல் ஏறி, அந்தப் பாதையில்தான் விழும். அவர்கள் ஒதுங்க அங்கே இடம் கிடையாது.

தம்பிகளா, அந்த நிமிஷத்தில் நானாக இருந்தால் கத்தியிருப்பேன். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். மேஸ்திரி கத்தவில்லை. கத்தினால் கயிறு பிடித்த ஒவ்வொருவனும் திரும்பிப் பார்ப்பான், கை தளரும், வண்டி ஒரு விரல் நகரும். அந்த ஒரு விரல் போதும் வளையம் விட. அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டே, சாதாரணமாகப் பேசுவது போல என்னிடம் சொன்னார்.

“சவரி, நடந்து போ. ஓடாத. பின்வண்டில இருக்க கறுப்பக் கொண்டா. பொம்பளையாளுகள அப்படியே திரும்பிப் போகச் சொல்லு, அகலமான எடம் வர்ற வரைக்கும் நிக்க வேண்டாம்னு சொல்லு.”

சொல்லிவிட்டு அவர் வண்டியின் பக்கமாக நடந்து பின்சக்கரத்துக்குப் போனார். நான் அவரைக் கடந்து இறங்கும்போது, சுருளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொரு கட்டையைச் சக்கரத்தடியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, கட்டை நசுங்குது. பாரம் எம்மேல வருது” என்றான் சுருளி.

“தெரியுதுலே. நீ எந்திரிச்சுப் போ, நான் பாத்துக்கிடுதேன்.”

“கீழ எம் பொஞ்சாதி வந்துக்கிட்டிருக்கா. நான் எங்கன போக?”

“அப்பம் இரு. இந்தா, வெத்தில போடு.”

அவர் வெற்றிலையை மடித்து அவன் வாயில் வைத்தார். சுருளியின் இரண்டு கையும் கட்டையில் இருந்தன. நான் பார்த்த தைரியங்களில் அதுதான் பெரியது என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. மேலே நின்று உத்தரவு போடலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பயந்தவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவன் கை நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் நடந்தேன். கால் ஓடத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பெண்களிடம் போனதும், “திரும்பிப் போங்க, மேஸ்திரி சொன்னாக” என்றேன். பின்வண்டிக்காரர் மாட்டை விட்டு இறங்க முடியாது, சரிவில் மாடு பின்வாங்கிவிடும். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நான் மட்டும் இழுத்தேன். வண்டியிலிருந்து பாதிதான் இறங்கியது. அதைத் தனியாக மேலே கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்கள் அத்தனை பேரும் மேலே கயிற்றில் நின்றார்கள்.

சின்னத்தாயி போகவில்லை. என் பின்னாலேயே வந்து நின்றாள்.

“அண்ணே, மேல என்ன?”

பொய் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. “பெரிய சங்கிலி விடுது ஆத்தா.”

“அவுக எங்கன இருக்காக?”

“சக்கரத்துக்குப் பின்னால.”

அவள் வைக்கோல் கட்டைப் பாறை ஓரத்தில் போட்டாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துத் தோளில் வைத்து, சங்கிலியின் முனையைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொண்டு நடந்தாள். அடுத்தவள் தன் கட்டைப் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். ஒருத்திகூட இன்னொருத்தி முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலி வண்டியிலிருந்து சரசரவென்று இறங்கி, தோள் தோளாக ஏறி, பாதையில் நீண்டது. நான் கடைசி முனையைத் தூக்கினேன். “வேணாம் ஆத்தா, திரும்புங்க” என்று ஒருமுறை சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர்கள் திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்களும் ஓடவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் ஓடவில்லை. தூக்கிய பாரம் குலுங்காமல் நடப்பது அவர்களுக்குப் பழக்கம். வளைவைத் திரும்பி, பாறைப் பக்கமாக, பாய்லரை உரசிக்கொண்டு மேலே ஏறினார்கள். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்த சுருளிக்கு முதலில் தெரிந்தது அவள் கால்தான்.

“ஏ கழுத, நீ எதுக்கு வந்த? போ கீழ!”

“பேசாம கட்டையப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

பாறையில் கறுப்புச் சங்கிலியை இரட்டையாகச் சுற்றினோம். பெண்கள் இழுத்துக் கொடுத்தார்கள், நான் சுற்றினேன். முன்சட்டத்தில் கொக்கியை மாட்டி முளையைச் செருகும்போது என் கை கொழுப்பில் வழுக்கியது. அந்த வழுக்கலை அன்றைக்குத்தான் முதல்முறையாக மரியாதையாக நினைத்தேன். பக்கத்தில் பெரிய சங்கிலியிலிருந்து துரு இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. முளை உட்கார்ந்ததும் நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பாரம் கறுப்புச் சங்கிலிக்கு மாறும்படி, மேஸ்திரி பின்னாலிருந்து கயிற்றுக்காரர்களை மெல்ல மெல்லத் தளர்த்தச் சொன்னார். வண்டி ஒரு முழம்கூட இல்லை, ஒரு சாண் பின்வாங்கியிருக்கும். பெரிய சங்கிலியில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கறுப்புச் சங்கிலி முறுக்கி, முனகி, பாறையைக் கவ்வி நின்றது. அதன்பிறகு எதுவும் நகரவில்லை.

கயிறு பிடித்தவர்களுக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மேலே வந்து பெரிய சங்கிலியைத் தொட்டுத் தூக்கினார். அது அவர் கையோடு இரண்டாக வந்தது. வளையம் வாய் திறந்து தொங்கியது. எல்லாரும் கூடிப் பார்த்தோம். வெளியில் கண்ணாடி போலப் பளபளப்பு. உள்ளே, சங்கிலியைச் செய்த கொல்லன் சூட்டில் ஒட்டிய ஒட்டுவாயில், முன்பே மயிரிழை அளவு இடுக்கு இருந்திருக்கிறது. அதற்குள் இறங்கிய புளிப்பும் ஈரமும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தின்று, செம்மண் போலப் பொடியாக்கி வைத்திருந்தன. நடுவில் பாக்குச் சீவல் கனத்துக்கு மட்டும் நல்ல இரும்பு வெள்ளையாக மின்னியது. அவ்வளவு நேரம் எங்களைப் பிடித்திருந்தது அந்தச் சீவல்தான்.

“தெய்வக்குத்தம்” என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் சுருளியைப் பார்த்தார். சுருளியின் முகத்தில் ரத்தமே இல்லை.

மேஸ்திரிக்கு அன்றைக்கு ஒரே ஒருமுறை கோபம் வந்தது, அது அப்போதுதான்.

“அம்மன் மேல பழியப் போடாதீக. அவன் கும்பிட்டது தப்பில்ல. கும்பிட்ட பெறகு எண்ணெய் போடாததுதான் தப்பு, அதுக்கு ஊர்ல இல்லாத நானும் பொறுப்பு. நான் ஒண்ணொண்ணாத் தட்டிப் பாத்தேன்லா? மணி மாதிரி கேட்டுச்சு. எங்காதும்தானே ஏமாந்துச்சு?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “சத்தம் கேட்டது போதாது. வளையத்த மடக்கி உள்வாயப் பாத்திருக்கணும். பளபளப்பு இருந்துச்சு, பாக்காம விட்டுட்டேன்.”

தம்பிகளா, நான் எத்தனையோ மேலாளர்களின் கீழ் வேலை பார்த்துவிட்டேன். கெட்டிக்காரர்கள் உண்டு, நல்லவர்கள் உண்டு. கூட்டம் ஒருவனைச் சுட்டும்போது, அந்தச் சுட்டுவிரலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. இரும்பைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லக்கூடியதை எல்லாம் அவர் அந்த உடைந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். தேய்க்க வேண்டுமானால் தேயுங்கள். தேய்த்த கையோடு காய வைத்து எண்ணெயோ கொழுப்போ போடுங்கள். வெளியே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், இரண்டு இரும்பு தொட்டுக்கொள்கிற இடத்தில், ஈரம் தங்குகிற இடத்தில், கண் போகாத இடத்தில் பாருங்கள். பார்த்தது போதும் என்று தோன்றும்போது இன்னொரு முறை மடக்கிப் பாருங்கள்.

பெண்கள் பாறை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் தோளிலும் சேலையிலும் கொழுப்பும் கீலும் பட்டையாக அப்பியிருந்தது. சின்னத்தாயிக்குக் கழுத்து வரைக்கும் கறுப்பு. சுருளி அவளிடம் போனான். துண்டை எடுத்து அவள் தோளில் இருந்த அழுக்கைத் துடைக்கப் போனான். 

அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இருக்கட்டும், விடுங்க. ஒங்களுக்கு எதப் பாத்தாலும் தேய்க்கணும்.”

முதலில் மேஸ்திரிதான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். சுருளி மட்டும் அவள் காலடியில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குழந்தை போல அழுதான். அவளும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை, அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடுகள் பூட்டி ஆயிற்று என்று மேலிருந்து குரல் வந்தது. மேஸ்திரி எழுந்தார். போகிற வழியில் பெண்களிடம் நின்றார்.

“ஒங்களத் திரும்பிப் போகச் சொல்லி விட்டேனே ஆத்தா. சவரி சொல்லலையா?”

“சொன்னாக மேஸ்திரி” என்றாள் சின்னத்தாயி. “நாங்கதான் கேக்கல.”

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைக் கட்டிக்கொள்ளாமலே வண்டிக்குப் போனார்.